மூன்று பெட்டி, மூன்று விலை: கார் சென்சார் வாங்குவதற்கு முன்

மதுரையில் ஸ்பேர்ஸ் கடைக் கவுண்டரில் நின்று ஓ2 சென்சாரோ (புகையில் உள்ள ஆக்சிஜனை அளப்பது) கிராங்க் சென்சாரோ (எஞ்சின் சுழற்சியை அளப்பது) கேட்டால் மூன்று விலை வரும். கார் கம்பெனி பெயர் போட்ட பெட்டி ஒன்று. பாஷ், டென்சோ, என்டிகே என்று சென்சார் செய்தவரின் பெயர் உள்ள பெட்டி இன்னொன்று. விலை கொஞ்சம் இறங்கும். மூன்றாவது, பெயரைப் படித்தாலும் மனதில் தங்காத ஒரு பெட்டி. முதல் விலையில் அது சிறு பங்குதான். “இதுவும் நல்லாத்தாண்ணே ஓடும், டாக்ஸிக்காரங்க இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க” என்பார் கடைக்காரர். அது முழுப் பொய்யும் இல்லை. சில சென்சார்களுக்கு மூன்றாவது பெட்டியே போதும். சிலவற்றில் அதே சிக்கனம், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காவு வாங்கிவிடும்.

எதற்கு எது என்று முடிவுசெய்ய இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். இந்த சென்சார் செத்துப்போனால் என்ன ஆகும்? சாகாமல் தப்பான அளவைச் சொல்லிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? எல்லோரும் பயப்படுவது முதலாவதற்கு. செலவு வைப்பது இரண்டாவது. ஒயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ, எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ உடனே பிடித்துவிடும். செக் எஞ்சின் லைட் எரியும், தன்னிடம் உள்ள மாற்று மதிப்பை வைத்து வண்டியை ஓட்டப் பார்க்கும். ஆனால் சென்சார் வரம்புக்குள்ளேயே கொஞ்சம் தள்ளிச் சொன்னால் லைட் எரியாது. பெட்ரோல் கூடுதலாகப் போகும், பிளக் கறுக்கும், மைலேஜ் இறங்கும். மாதக்கணக்கில் யாரும் சென்சாரைச் சந்தேகிக்க மாட்டார்கள், ஏனென்றால் அது புதுசு. மலிவு சென்சாரின் குறை பெரும்பாலும் இந்த வகைதான்.

“ஒரிஜினல்” என்று நாம் சொல்வதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். மாருதியோ ஹூண்டாயோ டாடாவோ இந்தச் சென்சார்களைப் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. பாஷ், டென்சோ, கான்டினென்டல், ஹெல்லா, டெல்ஃபி போன்றவர்களிடம் வாங்கிப் பொருத்துகிறார்கள். ஓ2 சென்சாரில் என்ஜிகேயின் சென்சார் பிரிவான என்டிகேயும் உண்டு. அதனால் முதல் பெட்டியிலும் இரண்டாவது பெட்டியிலும் ஒரே தொழிற்சாலைப் பொருள் இருக்க வாய்ப்பு அதிகம். சில சமயம் இரண்டாவதில் கார் கம்பெனியின் முத்திரை மட்டும் தேய்த்து எடுக்கப்பட்டிருக்கும். ஆகவே வண்டியில் இருக்கும் பழைய சென்சாரைக் கழட்டி, உடம்பில் பொறித்திருக்கும் பெயரையும் எண்ணையும் முதலில் படியுங்கள். அதில் டென்சோ என்று இருந்தால் டென்சோ பெட்டியை நிம்மதியாக வாங்கலாம். டென்சோ இருந்த இடத்தில் பாஷ் போடுவது வேறு விஷயம். இரண்டுமே நல்ல கம்பெனிதான், ஆனால் உங்கள் ஈசியூவின் கணக்கு ஒன்றை வைத்துத்தான் எழுதப்பட்டது.

வாரண்டி இருக்கும் வண்டிக்கு இந்தப் பேச்சே வேண்டாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில், கம்பெனிப் பெட்டி.

பணத்தை எடுப்பதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. குற்றவாளி சென்சார்தானா? வண்டியில் செருகிப் படிக்கும் ஸ்கேனரில் வரும் கோடு (பிழை எண்) எந்த சர்க்யூட்டில் சிக்கல் என்று சொல்கிறதே ஒழிய எந்தப் பார்ட்டை மாற்று என்று சொல்வதில்லை. பி0171 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். உடனே ஓ2 சென்சார் மாற்றுபவர்கள் உண்டு. இன்டேக் பக்கம் காற்றுக் கசிவு, பியூயல் பம்ப் பிரஷர் குறைவு, உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்கு இதெல்லாம் அதற்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன. பி0420 வந்தால் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஓ2 சென்சாரை மாற்றுவது இன்னொரு பழக்கம். அந்த சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது: கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை, அல்லது சைலன்சர் இணைப்பில் புகை கசிகிறது. பி0135 என்றால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் சர்க்யூட். முதலில் பார்க்க வேண்டியது ஃப்யூஸ்.

பிறகு எலி. தெருவில் நிறுத்தும் வண்டி என்றால் பானெட்டைத் திறந்து ஒயரிங்கைக் கையால் தடவிப் பாருங்கள். எலி பாதி கடித்த ஒயரில் வண்டி குலுங்கும்போது மட்டும் தொடர்பு விட்டுப்போகும். அதற்குப் புது சென்சார் போட்டால் இரண்டு நாள் நன்றாக ஓடி, பிறகு அதே கோடு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கப்ளருக்குள் (ஒயரைச் செருகும் இணைப்பு) நீர் இறங்கிப் பின்னில் பச்சை பிடிப்பதும் அப்படியே. பேட்டரியையும் பார்க்க வேண்டும்: எஞ்சின் நின்றிருக்கையில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே, ஓடும்போது 13.5க்குக் கீழே என்றால் சென்சாரை விட்டுவிட்டு சார்ஜிங்கைச் சரிசெய்யுங்கள். மூன்று ஒயர் சென்சார்களில் கப்ளரைப் பிரித்து, இக்னிஷன் ஆன் செய்து அளந்தால் ஒரு பின்னில் 5 வோல்ட் வர வேண்டும் (காந்தப் புலத்தை உணரும் சில ஹால் வகைகளில் 12). எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இந்த இரண்டும் சரியில்லை என்றால் எந்தப் பெட்டிச் சென்சாரும் உதவாது.

இப்போது புதிதாக ஒரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது: 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை விட இ20க்கு சுமார் 4 சதவீதம் கூடுதல். பழைய வண்டியில் ஸ்கேனர் வைத்தால் லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம் (பெட்ரோலை ஈசியூ எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண்) அந்த அளவுக்கு மேலேறி நிற்கும். அது ஓ2 சென்சாரின் பிழை அல்ல, சென்சார் தன் வேலையைச் செய்கிறது. 5 சதவீதம் வரை கவலையில்லை; 10ஐத் தாண்டி நிலையாக நின்றால்தான் தேட வேண்டும்.

சரி, சென்சார்தான் போய்விட்டது என்று உறுதியாகிவிட்டது. அதிகம் யோசிக்க வேண்டியது ஓ2வுக்கு. கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது கலவையை நிர்ணயிக்கிறது; பின்னால் இருப்பது முக்கியமாகக் கன்வெர்ட்டரைக் கண்காணிக்கிறது. முன்னால் இருப்பதற்குப் பழைய சென்சாரைச் செய்த அதே கம்பெனி மட்டும்தான், விலை பார்க்காதீர்கள். பின்னால் இருப்பதற்கு வேறொரு நல்ல கம்பெனியும் பரவாயில்லை. சாதாரண சிர்கோனியா வகை 0.1 வோல்ட்டுக்கும் 0.9க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சின் சூடேறியபின் 2500 ஆர்பிஎம்மில் 10 விநாடிக்கு ஏழெட்டு முறையாவது மாற வேண்டும். பெயர் தெரியாத சென்சார்களில் முதலில் கெடுவது இந்த வேகம்தான். வோல்டேஜ் வரும், ஆனால் சோம்பேறித்தனமாக வரும். ஈசியூ கலவையைத் திருத்திக்கொண்டே எப்போதும் ஒரு எட்டுப் பின்தங்கும். வண்டி ஓடும், ஐடிலிங்கில் லேசாக ஊஞ்சலாடும், கன்வெர்ட்டர் தேவைக்கு மேல் சூடாகும்.

“யுனிவர்சல்” என்று ஒன்று விற்கிறார்கள்: கப்ளர் இல்லாமல் நாலு ஒயர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பழைய கப்ளரை வெட்டி இணைக்க வேண்டும். பாஷ் வகை நிறத்தில் இரண்டு வெள்ளை ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் அதன் எர்த். எல்லாக் கம்பெனியும் இந்த நிறத்தைப் பின்பற்றுவதில்லை. டென்சோவில் ஹீட்டர் ஒயர்களே கறுப்பாக இருக்கும். நிறத்தைப் பார்த்துக் கறுப்போடு கறுப்பைச் சேர்த்தால் சென்சாரின் கதை முடிந்தது. சால்டரும் வைக்கக் கூடாது: பல சென்சார்கள் வெளிக்காற்றை ஒயர் இழைகளுக்கு நடுவே இழுத்துத்தான் ஒப்பிடுகின்றன, ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். கிரிம்ப் மட்டும்தான். இவ்வளவு பாடு எதற்கு? கப்ளரோடு வருவதையே வாங்குங்கள்.

பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டிகள் பலவற்றில் முன்பக்கத்தில் இருப்பது, கலவை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்றும் அளந்து சொல்லும் வைட்பேண்ட் வகை. அது 0.1–0.9 கணக்கில் பேசாது, கரண்ட் அளவில் பேசும். அதன் இடத்தில் சாதாரண ஓ2 போட்டால் மரையில் கச்சிதமாக உட்காரும், ஆனால் வேலை செய்யாது. ஒயரை எண்ணிக் கண்டுபிடிக்கலாம் என்பது பாதி உண்மை: ஐந்தோ ஆறோ இருந்தால் வைட்பேண்ட், ஆனால் டென்சோவின் நாலு ஒயர் வகையிலும் வைட்பேண்ட் உண்டு. பார்ட் எண்தான் சாட்சி. பாஷ் வைட்பேண்டில் கப்ளருக்குள்ளேயே அந்தச் சென்சாருக்கென்று அளந்து வைத்த ஒரு ரெசிஸ்டர் இருக்கும். கப்ளரை வெட்டினால் அந்த அளவு போச்சு.

கழட்டிய பழைய ஓ2வின் நுனியையும் பாருங்கள். வெள்ளைப் படலம் என்றால் சிலிக்கான். எஞ்சின் மூடியைச் சுற்றித் தாராளமாகப் பூசிய கேஸ்கெட் பேஸ்ட்டின் ஆவி அங்கே போய்ப் படிந்திருக்கலாம். ஓ2வுக்குப் பாதுகாப்பானது என்று டியூபில் எழுதியிருக்கும் பேஸ்ட் தனியாகக் கிடைக்கிறது. கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ போயிருக்கும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால் ஒரிஜினலுக்கும் அதே கதிதான்.

கிராங்க் சென்சார் வேறு குணம். இது போனால் வண்டி நிற்கும். வழக்கமான அறிகுறி: சூடேறியதும் சட்டென்று அணையும், அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏறும்போது வளைவில் இது நடந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு ஒயர் காயில் வகையில் உள்ளே இருப்பது செம்புக் கம்பிச் சுருள். மாடலுக்கு ஏற்ப சில நூறு ஓம் முதல் ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம் ஏறும். 32 டிகிரியில் 800 ஓம் காட்டும் சுருள் 110 டிகிரியில் 1040 ஒட்டிக் காட்ட வேண்டும். ஹேர் டிரையரால் சூடாக்கிக்கொண்டே மல்டிமீட்டரைப் பாருங்கள்: மெல்ல ஏறினால் நல்லது, திடீரென்று ‘ஓப்பன்’ என்று தாவினால் நோய் அங்கேதான். மூன்று ஒயர் ஹால் வகையை இப்படி ஓமில் அளக்கக் கூடாது.

மலிவு கிராங்க் சென்சாரில் எலெக்ட்ரானிக்ஸைவிட உடம்புதான் அதிகம் ஏமாற்றும். நுனிக்கும் பல் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி சாதாரணமாக 0.5 முதல் 1.5 மில்லிமீட்டர்தான். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் அரை மில்லி குட்டையாக வந்தாலே குளிர்ந்த ஸ்டார்ட்டில் சிக்னல் பத்தாது; நீளமாக வந்தால் நுனி உரசும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, மவுன்டிங் தட்டிலிருந்து நுனி வரை வெர்னியரால் அளந்து பாருங்கள். ஓ-ரிங்கை நகத்தால் அழுத்துங்கள். கடினமாக இருந்தால் ஒரு வருடத்தில் எண்ணெய் கசிந்து கப்ளருக்குள் ஏறும். கிராங்கிலும், வால்வை இயக்கும் தண்டைப் பார்க்கும் கேம் சென்சாரிலும் பெயர் உள்ள பெட்டிக்குக் கீழே இறங்க வேண்டாம்.

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரில் இறங்கலாம். சூட்டுக்கு ஏற்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் ஒரு தெர்மிஸ்டர், ஒரு பித்தளை உடம்பு, அவ்வளவுதான். வீட்டிலேயே சோதிக்கவும் முடியும். மாருதி, ஹூண்டாய் வண்டிகள் பலவற்றில் வரும் வகை 20 டிகிரியில் சுமார் 2.45 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 0.32. மதுரையில் 20 டிகிரிக்கு எங்கே போவது? 32 டிகிரி அறையில் 1.5 கிலோ ஓம் ஒட்டியும், கொதிக்கிற நீரில் 190 ஓம் ஒட்டியும் காட்டினால் போதும். ஆனால் சோதிக்காமல் போடாதீர்கள். ரேடியேட்டர் ஃபேனைப் பல வண்டிகளில் இதன் பேச்சைக் கேட்டுத்தான் ஈசியூ ஓட்டுகிறது. 8 டிகிரி குறைத்துச் சொல்லும் சென்சார் என்றால் 96இல் ஓட வேண்டிய ஃபேன் 104இல் ஓடும். சித்திரை வெயிலில் ஏசி போட்டுக் காளவாசல் சிக்னலில் நிற்கும்போது அந்த 8 டிகிரிக்கு விலை ஹெட் கேஸ்கெட். பொருத்திய பிறகு இன்னொரு சோதனை: இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்கேனரில் கூலன்ட்டும் இன்டேக் காற்றும் ஏறக்குறைய ஒரே டிகிரி காட்ட வேண்டும். ஒற்றை ஒயர் மீட்டர் சென்சார் என்றால் மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். உடம்புதான் அதற்கு எர்த்.

இன்டேக் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்கு நம் பக்கத்திலேயே பரிசோதனைக்கூடம் இருக்கிறது. இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப்: மதுரையில் 100 கிலோபாஸ்கல் ஒட்டிக் காட்ட வேண்டும். அதே வண்டி கொடைக்கானல் ஏரிக் கரையில் 79 ஒட்டிக் காட்ட வேண்டும். மேலே போயும் 90 காட்டினால் அந்தச் சென்சார் காற்று இருப்பதாகக் கற்பனை செய்து பெட்ரோல் ஊற்றுகிறது. ஏர் ஃப்ளோ சென்சாருக்கு இவ்வளவு எளிய சோதனை இல்லை, 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் சூடான ஐடிலிங்கில் விநாடிக்கு 2 கிராம் சுற்றுவட்டாரத்தில் காட்டும் என்பது தோராயக் கணக்கு. மலிவில் வாங்கிப் பெரும்பாலும் பணம் வீணாவது இதில்தான், எனவே முதலில் மாற்றாதீர்கள், கழுவுங்கள். அதற்கென்று உள்ள ஸ்ப்ரே மட்டும்; கார்புரேட்டர் கிளீனரும் வேண்டாம், காதுக்குச்சியும் வேண்டாம். மேலூர்ப் பக்கம் கல்குவாரிச் சாலையில் தினமும் ஓடும் வண்டியில் ஏர் ஃபில்டரை மைலேஜ் பார்த்து மாற்றக் கூடாது, எடுத்துத் தட்டிப் பார்த்து மாற்ற வேண்டும்.

பிரேக்குக்காகச் சக்கர வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் வீல் சென்சாரில் நடுத்தரக் கம்பெனி போதும். ஒயர் நீளமும் கிளிப் இடமும் பழையதைப் போலவே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. குட்டையாக இருந்தால் ஸ்டீரிங்கை முழுக்க ஒடிக்கும்போது இழுத்து அறுந்துவிடும். இப்போதைய இரண்டு ஒயர் ஆக்டிவ் வகையை ஓமில் அளந்து கெடுக்காதீர்கள். புது வீல் பேரிங் போட்டதும் ஏபிஎஸ் லைட் எரிந்தால் சென்சாரைக் குறை சொல்வதற்கு முன் பேரிங்கைத் திருப்பிப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். காந்த வளையம் ஒரு பக்கச் சீலில் மட்டும்தான் இருக்கும்.

எஞ்சினுக்குள் தட்டும் சத்தத்தை உணரும் நாக் சென்சாரில் பார்ட்டை விடப் பொருத்துவது முக்கியம்: வாஷர் இல்லை, கிரீஸ் இல்லை, 20 நியூட்டன் மீட்டர். பிஎஸ்6 டீசலின் நாக்ஸ் சென்சார் (புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பது), டிபிஎஃப் (கரி வடிகட்டி) பிரஷர் சென்சார் இரண்டுக்கும் கம்பெனிப் பெட்டி தவிர வேறு வழியில்லை. ஏர்பேக் சென்சார் பற்றி விவாதமே கிடையாது.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் சென்னை புதுப்பேட்டை வகைப் பழைய பார்ட்டைப் பற்றியும் கேட்பார்கள். மேப் சென்சார், ஹால் கேம் சென்சார் போன்றவற்றில், பழைய ஒரிஜினல் பெயர் தெரியாத புதுசைவிட மேல் என்பதே இந்தப் பதிவின் கருத்து. ஓ2வில் அது செல்லாது, அது தேய்கிற பொருள். நல்ல ஹீட்டட் வகைக்கே 1,60,000 கிலோமீட்டர்தான் ஆயுள்.

கடையில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடலாம். மாடல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள்; 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கொடுங்கள். ஒரே மாடலில் பிஎஸ்4க்கும் 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6க்கும் சென்சார் மாறியிருக்கும். கம்பெனி ஷோரூம்களின் பார்ட்ஸ் கவுண்டரில் வேலை கொடுக்காமல் பார்ட் மட்டும் வாங்கலாம். பல சமயம் வெளி விலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, டூப்ளிகேட் பயமும் இல்லை. வெளியில் வாங்கினால் பெட்டியை நம்பாமல் உடம்பைப் பாருங்கள். எண் பொறித்திருக்கிறதா, மையில் அச்சடித்திருக்கிறதா, விரலால் தேய்த்தால் அழிகிறதா? பாஷ் எண் பத்து இலக்கம். ஓ2 என்றால் 0 258 என்று தொடங்கும், பெட்டியிலும் உடம்பிலும் ஒன்றாக இருக்க வேண்டும். “எலெக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டன் இல்லை” என்ற பலகை எல்லாக் கடையிலும் தொங்கும், ஆகவே மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். ஓ2வின் ஹீட்டர் சில ஓம் காட்டும், டெம்பரேச்சர் சென்சார் அறை வெப்பத்துக்குரிய எண்ணைக் காட்டும். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஓ2வைக் கழட்ட எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்; துரு இளக்கும் எண்ணெய் விட்டு, பக்கவாட்டில் பிளந்த 22 மில்லி சாக்கெட் போட வேண்டும். புதியதன் மரையில் பசை ஏற்கெனவே பூசியிருக்கும், மேலே பூசாதீர்கள், நுனியைத் தொடாதீர்கள். 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். ஒயர் சைலன்சரைத் தொடாமல் பழைய கிளிப்பிலேயே போக வேண்டும்.

பழைய சென்சார் இருக்கும்போதே ஃப்யூயல் டிரிமைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் இப்போது பயன்படும். ஸ்கேனரில் பிழை எண்ணை அழித்து, கப்பலூரிலிருந்து விருதுநகர் வரை நான்கு வழிச் சாலையில் 80இல் சீராக ஓட்டிவிட்டு மறுபடி படம் எடுங்கள். டிரிம் பூஜ்யத்தை நோக்கி வந்திருந்தால் வாங்கியது சரி. நேர் எதிர்ப்பக்கம் 8, 10 என்று போயிருந்தால் லைட் எரியாவிட்டாலும் அந்தச் சென்சார் தப்புச் சொல்கிறது. இரண்டு படத்தையும் பில்லையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே கடைக்குப் போங்கள். புகைச் சான்றிதழுக்கும் இந்த ஓட்டத்துக்குப் பிறகு போவது நல்லது. பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.3 சதவீதம், அந்தச் சீட்டில் 0.05 என்று வருகிறதா, 0.28 என்று வருகிறதா என்பதையும் பார்த்து வையுங்கள்.